வழங்கியிலிருந்து சொந்தக் கோப்புறைக்கு: கெட்மெயில் கொண்டு மின்னஞ்சலை இறக்கும் முறை

நமக்கு வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் வேறு ஒருவருடைய வழங்கியில்தான் (சர்வர்) குடியிருக்கின்றன. உலாவியைத் திறந்தால் தெரிகின்றன. இணைப்பு அறுந்தாலோ, கணக்கு முடக்கப்பட்டாலோ, கடவுச்சொல் கைதவறினாலோ, பல ஆண்டுக் கடிதங்கள் அந்தக் கணமே எட்டாமற் போகின்றன. அவற்றின் படி ஒன்றைச் சொந்தக் கணினியில், சாதாரணக் கோப்புகளாக, எந்த நிரலாலும் திறக்கக்கூடிய வடிவில் சேர்த்து வைப்பது எப்படி என்பதை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. முனையத்தைத் திறந்து நான்கைந்து கட்டளைகளைத் தட்டிப் பழகியவராக இருந்தால் போதும். அதற்கு மேற்பட்ட முன்னறிவு வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். நிரலோடு வரும் ஆவணத்தில் மாதிரி அமைப்புக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பக்கத்துச் சாளரத்தில் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படித்தால், எழுத்துக்கூட்டலில் ஐயம் வராது.

எந்தக் கருவி, ஏன்

இந்த வேலைக்குக் கருவிகள் பல உண்டு. ஃபெட்ச்மெயில் மிகப் பழையது, இன்றும் நம்பகமானது. ஆனால் எடுத்த அஞ்சலை அது இயல்பாக உங்கள் கணினியிலேயே ஓடும் அஞ்சல் வழங்கியிடம், 25ஆம் துறை (போர்ட், அதாவது இணைப்புக்கான எண்ணிட்ட வாயில்) வழியே ஒப்படைக்கப் பார்க்கும். வீட்டுக் கணினியில் அப்படி ஒரு வழங்கி பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், புதியவர் முதல் அடியிலேயே இடறுவார். எம்பிசிங்க் மிக வேகமானது, இரு பக்கத்தையும் ஒத்திசைக்கும் வல்லமை கொண்டது. அந்த வல்லமையே புதியவருக்கு ஆபத்தும் ஆகிறது, ஏனெனில் திசையைத் தவறாக அமைத்துவிட்டால் இந்தப் பக்கம் நீக்கியது அந்தப் பக்கமும் நீங்கிவிடலாம்.

கெட்மெயில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறது: வழங்கியில் இருப்பதை எடுத்து, நீங்கள் காட்டிய இடத்தில் போடுகிறது. இந்தப் பக்கம் நீங்கள் எதைச் செய்தாலும் அந்தப் பக்கம் எதுவும் அசையாது. முதன்முதலாகப் பழகுபவருக்கு இந்த ஒருவழிப் போக்குத்தான் பாதுகாப்பு என்பது என் கருத்து. சார்லஸ் காசபன் பைத்தான் மொழியில் எழுதிய நிரல் இது. பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபின், மூன்றாம் பதிப்புக்கு ஏற்ப மாற்றப்பட்ட கிளை கெட்மெயில்6 என்ற பெயரில் தொடர்கிறது. லினக்ஸ் வழங்கல்களின் தொகுப்புக் களஞ்சியத்தில் இந்தப் பெயரில் தேடி நிறுவலாம். கிடைக்காவிட்டால் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியே நிறுவலாம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள் இயங்கும் லினக்ஸ் துணையமைப்பை நிறுவிக்கொண்டு அதற்குள் இதைச் செய்வதே எளிது.

நிறுவியபின் கெட்மெயில் என்ற கட்டளையோடு இரட்டைக் கோடிட்டு (--) வெர்ஷன் என்று தட்டிப் பாருங்கள். பதிப்பு எண் வந்தால் நிறுவல் முடிந்தது.

கணக்குப் பக்கம் செய்ய வேண்டியவை

வழங்கியோடு பேச இரண்டு நெறிமுறைகள் உள்ளன. பாப்3 என்பது ஒரே ஒரு உள்பெட்டியை மட்டும் அறிந்தது. அதன் இன்றைய வரையறை 1996இல் வெளியானது. ஐமேப் 1986இல் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தது. வழங்கியில் உள்ள எல்லாக் கோப்புறைகளையும் அது அறியும். மறைகுறியாக்கத்தோடு கூடிய இணைப்புக்குப் பாப்3 995ஆம் துறையையும், ஐமேப் 993ஆம் துறையையும் பயன்படுத்துகின்றன. உங்கள் சேவை இரண்டையும் தந்தால் ஐமேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மறைகுறியாக்கம் இல்லாத 110, 143 துறைகளை அப்படியே பயன்படுத்த வேண்டாம். கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே போகும்.

அடுத்தது கடவுச்சொல். உலாவியில் நுழையும் கடவுச்சொல்லையே இங்கும் கொடுக்கலாம் என்ற காலம் பெரிய சேவைகளில் முடிந்துவிட்டது. ஜிமெயிலின் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் அது செல்லாது. அங்கே இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிய பின், கணக்குப் பாதுகாப்புப் பக்கத்தில் செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்க வேண்டும். 16 எழுத்துகள் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் அதை மறுபடி பார்க்க முடியாது, புதிதாக இன்னொன்றுதான் உருவாக்க வேண்டும். அவுட்லுக் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் நடுவிலிருந்து ஓஆத் எனப்படும் அடையாளச் சீட்டு முறை மட்டுமே ஏற்கப்படுகிறது. கெட்மெயில்6 அதற்கும் இடம் தருகிறது என்றாலும் அது தனிக்கட்டுரைக்குரிய நீளம் கொண்டது. பழகுவதற்கு, கடவுச்சொல்லை ஏற்கும் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

அஞ்சல் விழும் கோப்புறை

கெட்மெயில் அஞ்சலைச் சேர்க்க இரண்டு வடிவங்கள் உண்டு. எம்பாக்ஸ் என்பது எல்லாக் கடிதங்களையும் ஒரே நீண்ட கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த ஒரே கோப்பும் சிதையலாம். மெயில்டிர் என்பது கடிதத்துக்கு ஒரு கோப்பு என்ற முறை; டேனியல் பெர்ன்ஸ்டைன் கியூமெயில் என்ற தம் அஞ்சல் வழங்கிக்காக 1990களில் வடிவமைத்தது. நாம் மெயில்டிரையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு மெயில்டிருக்குள் மூன்று துணைக் கோப்புறைகள் கட்டாயம் இருக்க வேண்டும்: கர் (cur), நியூ (new), டெம்ப் (tmp). இறங்கும் கடிதம் முதலில் டெம்ப்பில் எழுதப்படுகிறது. முழுதும் எழுதி முடித்த பின்னரே நியூவுக்கு நகர்த்தப்படுகிறது. ஆகவே நியூவில் அரைகுறைக் கடிதம் ஒருபோதும் இருக்காது. அஞ்சல் படிக்கும் நிரல் ஒன்று அதைப் பார்த்தவுடன் கர் கோப்புறைக்கு மாற்றி, கோப்புப் பெயரின் இறுதியில் ஒரு முக்காற்புள்ளி, 2, ஒரு காற்புள்ளி ஆகியவற்றைச் சேர்க்கும். படித்த கடிதமானால் எஸ் என்ற எழுத்தும், மறுமொழி அனுப்பியதானால் ஆர் என்ற எழுத்தும் அவற்றின் பின்னே வரும். குறிப்புகள் எல்லாம் கோப்புப் பெயரிலேயே இருக்கின்றன. தனியாகத் தரவுத்தளம் ஏதும் இல்லை.

இந்த மூன்றையும் கெட்மெயில் தானாக உருவாக்காது. பலர் தடுமாறும் இடம் இது. வீட்டுக் கோப்புறைக்குள் மெயில் என்றொரு கோப்புறை, அதற்குள் இன்பாக்ஸ், அதற்குள் கர், நியூ, டெம்ப் என்ற மூன்று ஆகியவற்றை எம்கேடிர் கட்டளையால் நீங்களே உருவாக்குங்கள். பெயர்கள் சிற்றெழுத்தில் இருக்கட்டும்.

பிறகு, வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயருடைய மற்றொரு கோப்புறை வேண்டும்: புள்ளி, அதையொட்டிக் கெட்மெயில். அமைப்புக் கோப்பு இதற்குள் இருக்கும். இதில் கடவுச்சொல் இருக்கப் போவதால், சிஎச்மாட் 700 என்ற அனுமதியை இட்டு, உங்களைத் தவிர மற்றவர் எட்டிப் பார்க்காதபடி செய்யுங்கள்.

அமைப்புக் கோப்பு

அந்தக் கோப்புறைக்குள் கெட்மெயில்ஆர்சி என்ற பெயரில், நீட்டிப்பு எதுவும் இல்லாமல், ஒரு கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். உரைத்திருத்தி எதுவாயினும் சரி. கோப்பு மூன்று பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் சதுர அடைப்புக்குள் தனி வரியில் வரும். எடுக்கும் இடத்தைச் சொல்வது ரிட்ரீவர், போடும் இடத்தைச் சொல்வது டெஸ்டினேஷன், எடுக்கும் முறையைச் சொல்வது ஆப்ஷன்ஸ். ஒவ்வோர் அமைப்பும் பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வரிசையில் ஒரு வரியாக அமையும்.

ரிட்ரீவர் பகுதியில் டைப் என்பதற்குச் சிம்பிள்ஐமேப்எஸ்எஸ்எல்ரிட்ரீவர் என்ற பெயரை, பேரெழுத்து சிற்றெழுத்து பிசகாமல், மாதிரிக் கோப்பில் உள்ளபடியே இடுங்கள். சர்வர் என்பதற்கு உங்கள் சேவையின் ஐமேப் முகவரியும், யூசர்நேம் என்பதற்கு முழு மின்னஞ்சல் முகவரியும் வரும். பாஸ்வேர்ட் என்ற வரியைத் தொடக்கத்தில் எழுதாமலே விட்டுவிடலாம். எழுதாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு முறையும் கெட்மெயில் கேட்கும். சோதனைக் காலத்துக்கு அதுவே நல்லது. பழகிய பின், பாஸ் போன்ற கடவுச்சொல் காப்பகத்திலிருந்து எடுத்துத் தரும் கட்டளையைப் பாஸ்வேர்ட்_கமாண்ட் என்ற வரியில் குறிப்பிட்டால், கடவுச்சொல் கோப்பில் வெறும் எழுத்தாகக் கிடக்காது.

எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்பதை மெயில்பாக்சஸ் என்ற வரி சொல்லும். அதன் மதிப்பைப் பிறை அடைப்புக்குள், ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் இரட்டை மேற்கோளுக்குள் இட்டு எழுத வேண்டும். ஒரே ஒரு பெட்டியைக் குறிப்பிட்டாலும் அதன் மேற்கோளுக்குப் பின் ஒரு காற்புள்ளி கட்டாயம். பைத்தான் மொழியில் ஒற்றை உறுப்புடைய தொகுதியை அப்படித்தான் எழுதுவார்கள். காற்புள்ளி இல்லாவிட்டால் அது தொகுதியாகக் கொள்ளப்படாமல் பிழையில் முடியும். கோப்பை எத்தனை முறை பார்த்தாலும் கண்ணில் படாத பிழை இது. உள்பெட்டி மட்டும் போதுமென்றால் இந்த வரியே தேவையில்லை, இயல்பாக அதைத்தான் எடுக்கும்.

டெஸ்டினேஷன் பகுதியில் இரண்டே வரிகள். டைப் என்பது மெயில்டிர். பாத் என்பது சற்றுமுன் நீங்கள் உருவாக்கிய இன்பாக்ஸ் கோப்புறையின் முழுப் பாதை. அது சாய்கோட்டில் முடிய வேண்டும்.

இனி ஆப்ஷன்ஸ். கோப்பு முழுவதிலும் நின்று நிதானமாக எழுத வேண்டிய பகுதி இதுதான்.

டிலீட் என்ற அமைப்பு, இறக்கிய கடிதத்தை வழங்கியில் நீக்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. எழுதாவிட்டாலும் அது ஃபால்ஸ்தான், அதாவது இல்லை. இருந்தாலும் டிலீட் சமம் ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது உங்களுக்கே அது உறுதியைத் தரும்.

ரீட்_ஆல் என்பது எல்லாவற்றையும் எடுப்பதா, இதுவரை எடுக்காதவற்றை மட்டும் எடுப்பதா என்பதைச் சொல்கிறது. எழுதாவிட்டால் இது ட்ரூ, அதாவது ஆம். அதாவது, வழங்கியில் எதையும் நீக்காமல், இந்த வரியையும் எழுதாமல் விட்டால், ஓட்டும் ஒவ்வொரு முறையும் பெட்டி முழுவதும் மறுபடி இறங்கும். நான் பழகத் தொடங்கிய நாளில் இதை அறியாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும்படி அமைத்துவிட்டு உறங்கப் போனேன். உள்பெட்டியில் இருந்தவை ஏறக்குறைய 300 கடிதங்கள். எட்டு மணி நேரத்தில் 48 ஓட்டங்கள். காலையில் நியூ கோப்புறையில் பதினாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். ஒரே கடிதத்தின் 48 படிகளிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பதைவிட, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்குவதே எளிது என்று முடிவுசெய்ய அரைநாள் ஆயிற்று. ரீட்_ஆல் சமம் ஃபால்ஸ் என்ற வரியை மறக்காமல் எழுதுங்கள்.

மூன்றாவது வரி சோதனைக்கு மட்டும்: மேக்ஸ்_மெசேஜஸ்_பெர்_செஷன் என்பதற்கு 10 என்று இடுங்கள். பல்லாயிரம் கடிதங்கள் உள்ள பெட்டியை முதல் ஓட்டத்திலேயே திறந்துவிடாமல் பத்தோடு நிறுத்தும். நான்காவதாக மெசேஜ்_லாக் என்பதற்கு ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தால், நடந்தவை எல்லாம் அங்கே பதிவாகும். பிறகு தானாக ஓடவிடும்போது இந்தப் பதிவேடுதான் உங்கள் கண்.

முதல் ஓட்டம்

ஓட்டுவதற்கு முன் கெட்மெயில் கட்டளையோடு இரட்டைக் கோடிட்டு டம்ப் என்று சேர்த்துத் தட்டுங்கள். வழங்கியைத் தொடாமல், அமைப்புக் கோப்பைத் தான் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை மட்டும் நிரல் எழுதிக் காட்டும். டிலீட்டும் ரீட்_ஆலும் ஃபால்ஸ் என்று தெரிகின்றனவா என்பதை இங்கே கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பிறகு வெறுமனே கெட்மெயில் என்று தட்டுங்கள். கடவுச்சொல்லைக் கேட்கும், தட்டும்போது திரையில் எழுத்து எதுவும் தோன்றாது, அது இயல்பே. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரியாக, இத்தனையில் இத்தனையாவது, இத்தனை பைட் என்று ஓடி, இறுதியில் எத்தனை எடுக்கப்பட்டன, எத்தனை தவிர்க்கப்பட்டன என்ற கணக்கு வரும். நியூ கோப்புறையில் எல்எஸ் கட்டளையை இட்டு, பத்துக் கோப்புகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பெட்டியின் மிகப் பழைய கடிதங்களே முதலில் இறங்கும் என்பதால், நேற்று வந்ததைக் காணோமே என்று திகைக்க வேண்டாம்.

ஒரு கோப்பை லெஸ் கட்டளையால் திறந்து பார்ப்பது பயனுள்ளது. மேலே சில வரிகள் கெட்மெயில் தானே சேர்த்தவை. அதன் கீழ் கடிதம் கடந்துவந்த வழங்கிகளின் தடம். பிறகு அனுப்பியவர், பெறுநர், பொருள். பொருள் தமிழில் எழுதப்பட்டிருந்தால், அது தமிழாகத் தெரியாது. சமக்குறி, வினாக்குறி, யூடிஎஃப்-8, வினாக்குறி, பி என்று தொடங்கி ஒரு குழப்பமான எழுத்துத் தொடர் வரும். பி என்ற எழுத்து அது பேஸ்64 முறையில் பொதியப்பட்டது என்பதைக் குறிக்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும், எழுத்துகளைக் கணினியில் பதியும் முறையான யூடிஎஃப்-8இல் மூன்று பைட். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். ஆகவே முதல் சொல்லில் நான்கு எழுத்துக்கு ஒருமுறை ‘4, கே, 6’ என்பதோ ‘4, கே, கூட்டல்குறி’ என்பதோ திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். கோப்பு சிதைந்துவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். மட் போன்ற முனைய அஞ்சல் நிரலில் அந்தக் கோப்புறையைத் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரியும்.

பிழை வந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். அடையாளச் சரிபார்ப்பு தோற்றது என்ற செய்தி வந்தால், செயலிக் கடவுச்சொல்லுக்குப் பதில் உலாவிக் கடவுச்சொல்லைத் தட்டியிருப்பீர்கள். மெயில்டிர் இல்லை என்ற பொருளில் செய்தி வந்தால், மூன்று துணைக் கோப்புறைகளையும் பாதையின் இறுதிச் சாய்கோட்டையும் பாருங்கள். அமைப்பைப் பற்றிய பிழை என்றால், வகைப் பெயரின் எழுத்துக்கூட்டலும் பிறை அடைப்புக்குள் இருக்கும் காற்புள்ளியும்.

பத்தும் சரியாக இறங்கியபின், சோதனை வரியை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். இப்போது மீதி அனைத்தும் வரும். பெட்டி பெரிதானால் நேரம் பிடிக்கும். ஜிமெயில் ஐமேப் வழியே ஒரு நாளில் இறக்குவதற்கு 2500 மெகாபைட் என்ற வரம்பு வைத்திருப்பதால், மிகப் பெரிய பெட்டியை இரண்டு மூன்று நாளில் பிரித்து இறக்க வேண்டியிருக்கலாம். முடிந்ததும் உடனே இன்னொரு முறை ஓட்டுங்கள். எடுக்கப்பட்டவை பூஜ்யம், எல்லாம் தவிர்க்கப்பட்டவை என்று வர வேண்டும். இடையில் புதிதாக வந்த ஒன்றிரண்டு இருக்கலாம். மொத்தமும் மறுபடி இறங்கத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு ரீட்_ஆல் வரியைப் பாருங்கள்.

இந்த நினைவாற்றல் எங்கே இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அமைப்புக் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் ஓல்டுமெயில் என்று தொடங்கும் ஒரு கோப்பு உருவாகியிருக்கும். எடுத்து முடித்த கடிதங்களின் அடையாள எண்கள் அதில்தான் உள்ளன. அதை அழித்தால் கெட்மெயில் எல்லாவற்றையும் புதியதாகவே கருதும். மறுபுறம், இறக்கிய கடிதத்தை உங்கள் கணினியில் தவறுதலாக அழித்துவிட்டால், கெட்மெயில் அதைத் தானாக மறுபடி கொண்டுவராது. எடுத்தாயிற்று என்றே அதன் கணக்கில் இருக்கும். அப்போது வேறொரு வெற்று மெயில்டிரைச் சுட்டும் அமைப்புக் கோப்பை வைத்து, இரட்டைக் கோடிட்ட ஆல் என்ற தேர்வோடு ஓட்டி, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள்

மெயில்பாக்சஸ் வரியில் நான்கு பெட்டிகளைக் குறிப்பிட்டால், நான்கும் ஒரே மெயில்டிரில்தான் கலந்து விழும். பெட்டிக்கொரு கோப்புறை வேண்டுமானால், பெட்டிக்கொரு அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்வதே நேரான வழி. ஆர்சிஃபைல் என்ற தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதி, ஒரே கட்டளையில் அவற்றை வரிசையாக ஓட்டலாம். ஜிமெயிலில் மட்டும் ஒரு கவனம்: அங்கே சிட்டைகளே கோப்புறைகளாகக் காட்சி தருகின்றன, எல்லா அஞ்சலும் என்ற பெட்டியையும் உள்பெட்டியையும் சேர்த்து எடுத்தால், ஒரே கடிதம் இரண்டு முறை இறங்கும். எல்லா அஞ்சலும் என்ற பெட்டியை மட்டும் எடுப்பது அங்கே போதுமானது.

தானாக ஓடவிடுதல்

ஒரு வாரம் கையால் ஓட்டிப் பார்த்து, பதிவேட்டைப் படித்து, மனம் நிறைந்த பின்னரே இதற்கு வாருங்கள். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் என்ற கருவியின் அட்டவணையில் நிமிடத்துக்குரிய இடத்தில் */15 என்றும் மற்ற நான்கு இடங்களில் உடுக்குறியும் இட்டு, கெட்மெயிலின் முழுப் பாதையை எழுதினால், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும். முழுப் பாதை அவசியம், ஏனெனில் நீங்கள் முனையத்தில் வைத்திருக்கும் தேடல் பாதைகள் கிரானுக்குத் தெரியாது. கடவுச்சொல்லைக் கேட்க அங்கே ஆளும் இல்லை என்பதால், அது கோப்பிலோ பாஸ்வேர்ட்_கமாண்ட் வழியாகவோ கிடைக்க வேண்டும். காப்பகம் பூட்டியிருந்தால் ஓட்டம் தோற்றுவிடும்.

ஒரு ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கினால், இரண்டும் ஒரே கடிதத்தை எடுத்துப் படியெடுத்துவிடக்கூடும். கட்டளையின் முன்னே எஃப்லாக் என்ற பூட்டுக் கருவியை, ஒற்றைக் கோடிட்ட என் என்ற தேர்வோடும் ஒரு பூட்டுக் கோப்பின் பெயரோடும் சேர்த்து எழுதினால், முந்தையது முடியாதவரை அடுத்தது தொடங்காமல் விலகிவிடும்.

சேர்ந்த கடிதங்களில் தேடுவது

கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளை கொண்டு தேடலாம் என்று நினைப்பவர்கள் தமிழ்ச் சொல்லைத் தேடி வெறுங்கையோடு திரும்புவார்கள். உள்ளடக்கம் பேஸ்64இல் பொதிந்திருக்கும்போது கோப்பில் அந்தச் சொல் எழுத்தாக இருப்பதில்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்துச் சுட்டுவரிசை கட்டும் நாட்மச், மு போன்ற நிரல்களில் ஒன்றை நிறுவி, மெயில் கோப்புறையைக் காட்டிவிட்டால், தமிழிலும் தேட முடியும். இரண்டும் கடிதத்துக்கு ஒரு கோப்பு என்ற முறையையே எதிர்பார்க்கின்றன. எம்பாக்ஸைத் தவிர்த்ததற்கு இன்னொரு காரணம் இது.

வழங்கியில் இடம் நிரம்பி வருகிறது, இனி நீக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், டிலீட்டை நேரடியாக ட்ரூ என்று மாற்றாதீர்கள். டிலீட்_ஆஃப்டர் என்பதற்கு 60 என்று இடுங்கள். இறக்கிச் சேர்த்த கடிதம், கெட்மெயில் அதை முதன்முதலில் கண்ட நாளிலிருந்து 60 நாள் கழிந்த பின்னரே வழங்கியில் நீக்கப்படும். அதை எழுதுவதற்கு முன் மெயில் கோப்புறை முழுவதையும் ஆர்சிங்க் கட்டளையால் வேறொரு வட்டுக்குப் படியெடுத்து, அந்தப் படியை மட் நிரலில் திறந்து, பழைய கடிதம் ஒன்று இணைப்போடு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.